எண்ணிக்கையில் விழாத மாமா

எங்கள் அம்மா என்னைத் திட்டுவதற்கு ஒரே ஒரு சொல்தான் வைத்திருந்தாள். கஞ்சி பொங்கி அடுப்பை அணைத்தாலும் சரி, தம்பியை மண்ணில் உட்காரவைத்துவிட்டு நான் விளையாடப் போனாலும் சரி, "நீ உருப்படவே மாட்ட" என்பாள். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். அதைக் கேட்டுக் கேட்டு, உருப்படுவதுதான் இந்த உலகத்திலேயே பெரிய காரியம் என்று என் மனசில் பதிந்துபோயிற்று. உருப்பட்டவர்கள் எப்படி இருப்பார்கள், என்ன சாப்பிடுவார்கள், எங்கே குடியிருப்பார்கள் என்றெல்லாம் யோசிப்பேன்.

அப்புறம் ஒருநாள் அவர்களை நேரிலேயே பார்த்தேன். வேறு யாருமில்லை. எங்கள் நைனாவும் அவரோடு வேலை செய்கிறவர்களும்தான்.

நாங்கள் அப்போது கோலார் தங்கவயலில் குடியிருந்தோம். ரயில் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மூங்கில் தட்டி வைத்து, புல் வேய்ந்து, வரிசை வரிசையாகக் கட்டிவிட்ட வீடுகளை லைன் என்பார்கள். குனிந்துதான் நுழைய வேண்டும். பகலெல்லாம் கல்லை இடிக்கிற மில்லின் சத்தம் தடதடவென்று கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் நின்றால்தான் குழந்தைகள் விழித்துக்கொண்டு அழும். ஷாஃப்ட் என்கிற அந்தப் பெரிய கிணற்றின் வாயில், ஆட்களைக் கீழே இறக்குகிற இரும்புக் கூண்டு தொங்கும். நைனாவுக்குச் சோறு கொண்டுபோகும்போது நான் அங்கே போய் நிற்பேன். நைனா வேலை செய்த கூட்டத்துக்கு மேஸ்திரி ஒருவர் இருந்தார். கையில் பிரம்பு. கூண்டில் ஏறுகிற ஒவ்வொருவர் தோளிலும் பிரம்பு நுனியால் ஒரு தட்டுத் தட்டுவார்.

"பத்து உருப்படி! எறக்கு!" என்று குரல் கொடுப்பார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எங்கள் நைனா உருப்படி! மேஸ்திரியே சொல்லிவிட்டார்!

வெளுக்கப் போட்ட துணியையும் சந்தையில் கட்டிய மாட்டையும் எண்ணுகிற சொல் அது என்று எனக்குத் தெரிய வழியில்லை. சந்தைக்கு என்னை யாரும் கூட்டிப்போனதில்லை. எங்கள் துணியை எந்தச் சலவைக்காரரும் எடுத்ததில்லை, நாங்களே துவைத்துக்கொள்வோம். எடுத்திருந்தால் அந்தச் சொல் எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்திருக்கும். ஏன் எடுக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் கேட்டேன். "மேஸ்திரி நைனாவ உருப்படின்னு சொல்றாரும்மா. உன்ன இன்னான்னு சொல்லுவாரு?"

அம்மா அடுப்பை ஊதினாள். எரிந்துகொண்டிருந்த அடுப்பை ஏன் ஊதுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் போய்விட்டேன்.

நைனாவுக்கு எண்ணப்படுவதில் ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் குடியாத்தத்துப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்தவர். அங்கே ஆண்டை வீட்டுக் காளைகளுக்குப் பேர் உண்டு. செவலை, மயிலை, ராமன் என்று ஒவ்வொன்றையும் பேர் சொல்லித்தான் தண்ணி காட்டுவார்களாம். அந்தக் காளைகளை மேய்த்த நைனாவுக்கு மட்டும் அந்த வீட்டில் பேர் கிடையாது. "டேய்" என்றால் அவர்தான். அவருடைய நைனாவும் அதே "டேய்"தான். இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்றிருந்தால் இரண்டு பேரும் ஓடவேண்டும்.

இங்கே வந்ததும் கம்பெனியில் நம்பர் போட்ட பித்தளைப் பில்லை ஒன்று கொடுத்தார்கள். நைனா அதைப் புளி போட்டுத் துலக்குவார். வெள்ளிக்கிழமை அம்மா அதற்குக் குங்குமம் வைத்து விளக்கடியில் வைப்பாள். "நம்மள எண்றாங்க பாரு கண்ணு. எண்ணினாத்தான் நாம கீறோம்னு அர்த்தம்" என்பார் நைனா. பாவம், யாராவது தன்னை எண்ணமாட்டார்களா என்று காத்திருந்த மனிதர் அவர்.

இந்தச் சமயத்தில்தான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. ஊரில் பஜனையில் பாடுகிறவர். ஒரு மூட்டையும் ஒரு ஜோடி ஜால்ராவும்தான் அவர் கொண்டுவந்த சொத்து. அவர் லைனுக்குள் நுழைந்த அன்றைக்கு நானும் தம்பியும் "மாமோவ்! மாமோவ்!" என்று கத்திக்கொண்டு ஓடினோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து "மாமோவ்" என்று ஓடிவந்தார்கள். நாலு நாளில் பெரியவர்களும் கேலியாக அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவரைவிட மூத்தவர்கள்கூட மாமா என்றே கூப்பிட்டார்கள்.

"இன்னா மாமா, பொண்ணு பாத்தாச்சா?" என்று வம்புக்கு இழுப்பார்கள்.

"லைன் முச்சூடும் எனக்கு மருமவப் புள்ளைங்களாப் பூட்டீங்க. அப்பால பொண்ணுக்கு நான் எங்கடா போறது?" என்பார் மாமா. எல்லோரும் சிரிப்பார்கள்.

மாமாவுக்கும் பில்லை கொடுத்தார்கள். நைனாவின் கூட்டத்திலேயே சேர்ந்தார். ஆனால் நைனாவைப்போல வாயை மூடிக்கொண்டு கூண்டில் ஏற அவருக்குத் தெரியவில்லை. முதல் வாரமே மேஸ்திரி பிரம்பால் தோளைத் தட்டி எண்ணும்போது மாமா நெளிந்தார்.

"மேஸ்திரி, தொட்டுத் தொட்டு எண்ணாதீங்க. பூசணிப் பிஞ்ச வெரல் காட்டி எண்ணினா வெம்பிப்பூடும். நானும் பிஞ்சுதான்."

கூண்டே சிரித்தது. மேஸ்திரிக்குச் சிரிப்பு வரவில்லை. "வாயக் கொறை. இங்க மாமனும் கெடியாது, மச்சானும் கெடியாது. அல்லாம் உருப்படிதான்" என்றார்.

"அப்போ உங்களையும் சேத்து எண்ணிக்கோங்க" என்றார் மாமா. கூண்டு இறங்கிவிட்டது. மேஸ்திரி என்ன பதில் சொல்லியிருப்பாரோ, அது மேலேயே நின்றுவிட்டது.

மேஸ்திரியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான், வேலூர்க்காரர். தனி ஆள். தலைப்பாகை கட்டி, கோட்டுப் போட்டு, விறைப்பாக நடப்பார். ஆனால் சுரங்கத்தை நடத்துகிற வெள்ளைக்காரக் கேப்டன் துரை ஆபீசு வாசலில் நின்று இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தால் போதும். துரையின் நாய் ஒரு பக்கமிருந்து ஓடும், மேஸ்திரி ஒரு பக்கமிருந்து ஓடுவார். விசில் யாருக்கு என்று போய்ச் சேர்ந்தபிறகுதான் தெரியும். நாய்க்காவது சில நேரம் பேர் சொல்லி அழைப்பு உண்டு. நாங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிப்போம்.

அன்றைக்கு நைனாவுக்குக் காய்ச்சல். கம்பளியைப் போர்த்திப் படுத்துவிட்டார். மாமா மட்டும் வேலைக்குப் போனார். மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரம், காலுக்குக் கீழே பூமி ஒரு உலுக்கு உலுக்கியது. பரணிலிருந்த பாத்திரமெல்லாம் உருண்டு விழுந்தது. பிறகு யாரோ ஒரு பெண், "கீழ பாறை பொட்டிச்சு!" என்று கத்தினாள்.

தங்கவயலில் இருந்தவர்களுக்கு அந்த வார்த்தை போதும். ஆழத்தில் பாறை நெருக்கம் தாங்காமல் வெடிகுண்டு மாதிரி தெறித்துவிடும். எல்லாப் பெண்களும் ஷாஃப்டைப் பார்த்து ஓடினார்கள். அம்மா தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பின்னாலேயே நைனா கம்பளியோடு தள்ளாடிக்கொண்டு வந்தார்.

கூண்டு மேலே வருவதும் போவதுமாக இருந்தது. ஏறிவந்தவர்கள் தலையிலிருந்து கால்வரை கல்மாவு பூசி, யார் யார் என்றே தெரியாமல் இருந்தார்கள். கண் மட்டும் சிவப்பாக இருந்தது. வந்ததும் தரையில் உட்கார்ந்து இருமினார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். மேஸ்திரி பிரம்பை நீட்டி எண்ணினார். எண்ணி முடித்ததும், "காத்தால எறங்கின உருப்படி எத்தினியோ அத்தினியும் ஏறியாச்சு. கணக்கு சரி!" என்று துரைக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார். துரை தலையை ஆட்டிவிட்டு, இடிந்த வழியை மரம் வைத்து அடைத்துவிடும்படி உத்தரவு போட்டு ஆபீசுக்குள் போனார். உள்ளேதான் யாரும் இல்லையே.

எங்கள் மாமா வரவில்லை.

அம்மா உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்டாள். முன்னாடி வந்த கூண்டில் ஏறியிருப்பார் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். பின்னாடி வருகிற கூண்டில் வருவார் என்று நினைத்தோம் என்று முன்னால் வந்தவர்கள் சொன்னார்கள். கீழே மெழுகுவத்தியெல்லாம் அணைந்துபோய், புழுதியில் ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லையாம்.

அம்மா மேஸ்திரியிடம் போனாள். "எந்தம்பி ஏறலீங்க."

"எல்லாம் ஏறியாச்சும்மா. நான் எண்ணிட்டேன்."

"நீங்க எண்ணினீங்க. எந்தம்பி எங்க?"

"எங்கனா கள்ளுக்கடையில குந்திக்கினு இருப்பான். பேட்டையில போய்ப் பாரு."

"அவன் பஜனைக்காரன். கள்ளுக்கடை வாசல மிதிக்கமாட்டான்."

"உருப்படி சரியா கீது. அவ்ளோதான்" என்றார் மேஸ்திரி.

நைனா அம்மாவின் தோளைத் தொட்டார். "எண்ணிக்கை சரியா கீதுன்னா..." என்று இழுத்தார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். நைனா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அவர் நெஞ்சு கல் இல்லை. மைத்துனன்மேல் உயிரையே வைத்திருந்தார். ஆனாலும் தன் கண்ணைக்காட்டிலும் கம்பெனியின் எண்ணிக்கையை நம்பிப் பழகிவிட்டார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. எல்லோரையும் உருப்படி உருப்படி என்று புகழ்கிறாரே, எங்கள் மாமாவை மட்டும் விட்டுவிட்டாரே என்று ஆத்திரம். நான் மேஸ்திரி முன்னால் போய் நின்று கேட்டேன்.

"எங்க மாமா உருப்படி இல்லியா?"

மேஸ்திரி என்னைக் குனிந்து பார்த்தார். பதில் அம்மாவிடமிருந்து வந்தது.

"இல்லம்மா. உங்க மாமா உருப்படி இல்ல. அதான் இவரு எண்ணிக்கையில உழல."

மேஸ்திரி முகம் கறுத்துப்போயிற்று. "வூட்டுக்குப் போங்க எல்லாரும்" என்று சொல்லிவிட்டு ஆபீசைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். அவர் உள்ளே போய்விட்டால் அவ்வளவுதான். கீழே மரம் வைத்து அடைத்துவிடுவார்கள். மாமா உயிரோடு இருந்தால்கூட அதன் பிறகு கேட்பார் இல்லை. இது எனக்கே புரிந்தது.

அம்மா தம்பியைத் தரையில் இறக்கிவிட்டாள். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினாள்.

"கோவிந்தா!" என்று ஒரு குரல் கொடுத்தாள். வயிற்றிலிருந்து வந்த குரல் அது.

நடந்துபோய்க்கொண்டிருந்த மேஸ்திரி, யாரோ தோளைப் பிடித்து இழுத்தாற்போல் சட்டென்று நின்றார். திரும்பினார். யார், யார் என்று தேடுகிற மாதிரி கூட்டத்தைப் பார்த்தார். அவர் முகம் சின்னப் பையன் முகம் மாதிரி இருந்தது. பெருமாள் பிடித்து இழுத்துவிட்டார் என்று நான் நினைத்தேன். இத்தனை வயசுக்குப் பிறகும் அப்படித்தான் நினைக்கிறேன். எந்த வழியாக இழுத்தார் என்பதுதான் அப்போது எனக்குத் தெரியவில்லை.

மேஸ்திரி நின்ற அந்த நேரத்தில் அம்மா ஒரு காரியம் செய்தாள். முந்தானையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, உட்கார்ந்திருந்த ஆட்களிடம் போனாள். முதல் ஆளின் முகத்தைப் பிடித்துத் துடைத்தாள். "நீ மூல வூட்டு மருமவன்" என்றாள். அடுத்தவர் முகத்தைத் துடைத்தாள். "நீங்க பெரியண்ணன்." அதற்கடுத்தவர். "நீ எம்புள்ளைக்கு மொட்டை போட்டப்போ மடியில வச்சிக்கினவன்." அப்படியே ஒவ்வொருவராக, இன்னார் கொழுந்தன், இன்னார் சம்பந்தி, போன மாசம் பெண் குழந்தை பிறந்ததே அந்தத் தகப்பன் என்று சொல்லிக்கொண்டே போனாள். வளர்ந்த ஆண்கள் எல்லோரும் பிள்ளைகள் மாதிரி முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் அழுதேவிட்டார். யாரும் அவரைக் கேலி செய்யவில்லை.

கடைசி வரிசையில் ஒரு ஆளின் முகத்தைத் துடைத்தவள், அப்படியே நின்றாள்.

"நீ மேல உளி தீட்டுற பட்டறை ஆளாச்சே. காத்தால இவங்களோட எறங்கலியே?"

"இல்லக்கா. சோத்து வேளைக்கு உளி எடுத்துக்கினு தனியா எறங்கினேன். பாறை பொட்டினதும் இவங்களோட ஏறி வந்துட்டேன்."

அவ்வளவுதான். எண்ணிக்கை எப்படிச் சரியாக வந்தது என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிற்று. காலையில் இறங்காத ஒருத்தர் ஏறியிருக்கிறார். காலையில் இறங்கிய ஒருத்தர் ஏறவில்லை. உருப்படிக்கு உருப்படி சரி. ஆளுக்கு ஆள் சரியில்லை.

மேஸ்திரி தம் பிரம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து ஆபீசு வாசலிலிருந்து விசில் வந்தது. நாய் ஓடிற்று. மேஸ்திரி ஓடவில்லை. பிரம்பைச் சுவரில் சாத்திவைத்துவிட்டு மெள்ள நடந்துபோனார். துரையிடம் என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. தன் கணக்கு தப்பு என்று தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார். அப்படிச் சொன்ன மேஸ்திரிக்கு வேலை நிலைக்காது என்று பிறகு பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். துரையை நான் குறை சொல்லமாட்டேன். விஷயம் தெரிந்ததும் தொப்பியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அவரே கூண்டுக்கு ஓடினார். ஒரு மனுஷன் உள்ளே இருக்கிறான் என்று சொன்னால் ஓடுகிறவர்தான். அதுவரை அவரிடம் அப்படி யாரும் சொன்னதில்லை.

இப்போதுதான் சாவிலிருந்து ஏறிவந்த அந்த ஆட்கள், ஒருவரும் கூப்பிடாமலே எழுந்தார்கள். காய்ச்சலோடு நைனாவும் கம்பளியை எறிந்துவிட்டுப் போனார். கூண்டு வாசலில் மேஸ்திரி வழக்கப்படி கையைத் தூக்கினார். கையில் பிரம்பு இல்லை. ஒரு வினாடி தடுமாறினார்.

"யார் யார் வரீங்க? சொல்லிட்டு ஏறுங்க" என்றார்.

ஒவ்வொருவராகத் தங்கள் பேரைச் சொல்லி ஏறினார்கள். நைனா தன் பேரைச் சொன்னதை அன்றைக்குத்தான் நான் முதல் தடவை கேட்டேன். எவ்வளவு நல்ல பேர் என்று இருந்தது. கடைசியாக மேஸ்திரி ஏறினார். அவரை யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மேலே பெண்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்து கோவிந்தா, கோவிந்தா என்று சொல்லிக்கொண்டிருந்தோம். மில் சத்தத்துக்கு மேலே அந்தச் சத்தம் எழும்பியது. கீழே நடந்ததை நைனா பிறகு பலதரம் சொல்லியிருக்கிறார். இடிந்து கிடந்த கல்லுக்கு முன்னால் நின்று முதலில் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டார்களாம். அப்புறம் யாரோ, "மாமோவ்!" என்று கத்த, எல்லோரும் "மாமோவ்! மாமோவ்!" என்று கத்தினார்களாம். இங்கே மாமனும் இல்லை மச்சானும் இல்லை என்று அவரிடம் சொன்ன மேஸ்திரியும் தொண்டை கிழிய "மாமா!" என்றாராம். சத்தம் அடங்கியதும் கல்லுக்கு அந்தப் பக்கமிருந்து மெல்லிசாக, உளியால் பாறையைத் தட்டுகிற ஓசை. சும்மா தட்டவில்லை. பஜனைக்குப் போடுகிற தாளம். உள்ளே இருந்தபடியே தாளம் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார் மனுஷன்.

விளக்கு வைக்கிற வேளைக்கு மாமாவைப் பலகையில் படுக்கவைத்து மேலே கொண்டுவந்தார்கள். ஒரு கால் உடைந்திருந்தது. விபூதி பூசின சாமியார் மாதிரி உடம்பெல்லாம் வெளுப்பு. "கோவிந்தா!" என்று கூட்டம் முழங்கியது. கூண்டிலிருந்து வெளியே வந்த மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார், கல்யாணப் பையன் வெட்கப்படுகிற மாதிரி. இவர் எதுக்கு வெட்கப்படுகிறார் என்று நான் நினைத்தேன்.

மாமா கண்ணைத் திறந்து அவரைத் தேடினார். "மேஸ்திரி, ஒருவாட்டி எண்ணிப் பாருங்க. உங்களையும் சேத்து."

மேஸ்திரி மாமாவின் தலைமாட்டுப் பலகையைத் தானே பிடித்துக்கொண்டு எங்கள் வீடுவரை வந்தார். குனிந்துதான் நுழைந்தார்.

அன்றைக்கு வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருக்க, நான் மட்டும் மூலையில் உட்கார்ந்து அழுதேன். ஏன் என்று மாமா கேட்டார். "அம்மா உன்ன உருப்படி இல்லன்னு சொல்லிடுச்சு. அத்தினி பேரு முன்னால சொல்லிடுச்சு" என்றேன். மாமாவுக்குக் கால் வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லதுதாண்டி சொல்லிக்கீறா. நான் உருப்படி இல்ல. உன் மாமா" என்றார். இதில் நல்லது என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை லைன் பஜனைக் கோயிலில் மாமா பேருக்குத் தேங்காய் உடைத்தோம். கோயில் என்றால் நாலு தூணும் மேலே தகரமும்தான். பூசாரியும் எங்கள் ஆள், ராத்திரி ஷிஃப்டு முடிந்து குளித்துவிட்டு வந்து பூசை செய்வார். யார் பேருக்கு என்று கேட்டு, அந்தப் பேரைச் சாமிக்கு உரக்கச் சொல்லித்தான் உடைப்பார். பெருமாள் சந்நிதியில் பில்லை நம்பர் செல்லாது.

மாமா கட்டிலிலிருந்தே அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார், மேஸ்திரி பேருக்கும் ஒரு தேங்காய் என்று.

"பேரு?" என்று கேட்டார் பூசாரி.

அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா பெரியண்ணனைப் பார்த்தார். பெரியண்ணன் மூலைவீட்டு மருமகனைப் பார்த்தார். ஒருத்தருக்கும் தெரியவில்லை. வந்த நாள்முதல் அவர் பிரம்புக்குக் கீழே வேலை செய்தவர்கள்! நாங்களும் அவரை மேஸ்திரி என்கிற ஒரு உருப்படியாகத்தான் வைத்திருந்தோம் போலிருக்கிறது.

அப்போது பின்னாலிருந்து செருமல் கேட்டது. மேஸ்திரி தூணுக்கு வெளியே நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. கோயில் பக்கம் அவரை நாங்கள் பார்த்ததே இல்லை. எல்லோரும் திரும்பியதும் அவருக்குக் கூச்சமாகிவிட்டது. மெல்லிய குரலில் சொன்னார்.

"கோவிந்தன்."

பூசாரிக்குக் காது கொஞ்சம் மந்தம். மேஸ்திரி பக்தி மேலிட்டுக் குரல் கொடுக்கிறார் என்று நினைத்துவிட்டார். கையைத் தூக்கி, "கோவிந்தா!" என்று முழங்கினார். கூட்டமும் வழக்கப்படி, "கோவிந்தா!" என்று முழங்கியது.

"பெருமாள் பேரு சொன்னது போதுங்க மேஸ்திரி. உங்க பேரச் சொல்லுங்க" என்றார் பூசாரி.

"அதான் சாமி எம்பேரு."

பூசாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரிப்பு வெடித்தது. நைனா சிரித்தார், அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். மேஸ்திரியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பூசாரி தேங்காயை உயரத் தூக்கி, "கோவிந்தன் பேருக்கு!" என்று சொல்லி உடைத்தார். நன்றாக இரண்டாகப் பிளந்தது.

அதன் பிறகு எங்கள் கூண்டில் மேஸ்திரி பேர் சொல்லித்தான் எண்ணுவார். அவரை வேலையை விட்டு எடுப்பார்கள் என்று எல்லோரும் பயந்தார்கள், எடுக்கவில்லை. மற்றக் கூண்டுகளில் உருப்படி என்கிற சொல் ரொம்ப காலம் இருந்தது. ஒரேயடியாக எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் எங்கள் கூண்டைப் பார்த்துப் பக்கத்துக் கூண்டிலும் ஒருத்தர் தன் பேரைச் சொல்லிவிட்டுத்தான் ஏறுவேன் என்றாராம். நான் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். கூத்தில் ராஜா வந்து என் சேனையில் யானை இத்தனை, குதிரை இத்தனை, காலாள் இத்தனை என்று முழங்கும்போது இப்போதும் எனக்கு ஒன்று தோன்றும். பட்டத்து யானைக்குப் பேர் இருக்கும். அந்தக் காலாள் ஒவ்வொருத்தனுக்கும் மூஞ்சியைத் துடைத்துவிட ஒரு அக்கா இருந்திருப்பாளே என்று.

கோயிலிலிருந்து திரும்பும்போது அம்மாவிடம் நான் சொன்னேன். "பாவம்மா மேஸ்திரி. அவருக்குன்னு தனியா ஒரு பேரே இல்ல. சாமி பேர வாங்கி வச்சிக்கினு கீறாரு."

அம்மா சிரிக்கவில்லை. "இனிமே மேஸ்திரின்னு சொல்லாத. கோவிந்தன் மாமான்னு கூப்புடு" என்றாள்.

மறுநாள் சோறு கொண்டுபோனேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஷாஃப்ட் வாயில் நின்றிருந்தார். "கோவிந்தன் மாமோவ்!" என்று கூப்பிட்டேன்.

யாரோ தோளைப் பிடித்து இழுத்தாற்போல் சட்டென்று திரும்பினார். யார், யார் என்று தேடினார். அதே முகம், சின்னப் பையன் முகம்.

இந்தத் திரும்பலை நான் இதற்குமுன் பார்த்திருக்கிறேனே என்று எனக்குத் தோன்றவே இல்லை. தூக்குச் சட்டியை நைனாவுக்கு என்று அவர் கையில் கொடுத்துவிட்டு, விளையாட ஓடிவிட்டேன்.